றுஸைனாவுக்கு உப்புப் பார்த்தவள்

என் தம்பி ஸக்கரியாவின் மனைவி றுஸைனாவைப் பற்றி எங்கள் தெருவில் இப்போது இரண்டு கட்சி. ஒரு சிட்டிகை மாசித்தூளுக்காகப் பின்வீட்டு ராசம்மாவைப் பகைத்துக்கொண்ட திமிர்பிடித்தவள் என்கிறது ஒன்று. ஏமாந்த சோணகிரி என்கிறது மற்றது. அடுத்த வீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். இரண்டு கட்சியிலும் நான் இல்லை.

ஸக்கரியாவுக்கு யட்டவத்த சந்தையில் மிளகு, கராம்பு வியாபாரம். மேல்மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதும் அவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் றுஸைனாவின் வேலை. வாக்குக் கொடுத்துவிட்டால் அதிலிருந்து இம்மியும் நகர மாட்டாள். ஏழு மணிக்குத் தேநீர் என்று சொல்லியிருந்தால், காய்ச்சலோடு எழும்பியாவது ஏழு மணிக்குக் கொண்டுபோய் வைப்பாள். இந்தப் பிடிவாதத்துக்காக நானே அவளை எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன்.

போன நோன்பு நல்ல வெயில் காலத்தில் வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் மெக்ஸிகோவிலிருந்து மரிசோல் என்ற பெண் வந்து மேல்மாடியில் தங்கினாள். வாசனைத் தோட்டங்களில் உட்கார்ந்து செடிகொடிகளை வரைவது அவள் தொழில். இறைச்சி, மீன் மட்டுமல்ல, முட்டை, பால், நெய், தேன்கூடத் தொட மாட்டாள். ஊரில் எந்தக் கடையில் போய் மரக்கறிச் சாப்பாடு கேட்டாலும் சம்பலில் மாசி இருந்தது. காய்ந்து கல்லாய்ப் போன மீனை இடித்துத் தூவுகிறோம், அதை மீன் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை. அந்தப் பிள்ளை இரண்டு தடவை ஏமாந்து, வாழைப்பழத்தையும் பாண் ரொட்டியையும் தின்றுகொண்டு கிடந்தது.

றுஸைனாவுக்குப் பொறுக்கவில்லை. மாசிப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டாள். சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "என் குசினியில் இருந்து உயிருள்ள எதுவும் உன் பீங்கானுக்கு வராது. இது அமானிதம்" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரிசோலிடம் சொன்னாள். ஒருவர் நம்பி ஒப்படைத்ததைக் கேடு வராமல் காப்பதுதான் அமானிதம். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

மரிசோல் போனில் படம் காட்டுவாள், கையால் அளவு காட்டுவாள். மீதியை றுஸைனா தானாகக் கண்டுபிடித்தாள். காடு வெட்டிப் பயிரிட்ட லக்கலச் சேனையில் விளைந்த சோளத்தை வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் அவித்து ஊறவைத்தால் தோல் கழன்று வரும். அதை அரைத்து மெல்லிய ரொட்டியாகத் தட்டிச் சுட்டாள். சிவப்புக் கௌப்பிப் பயறை வெங்காயம், பூண்டு, காரத்துக்குச் சுட்ட காய்ந்த கொச்சிக்காயோடு குழைய வேகவைத்தாள். மாங்காயும் தக்காளியும் பொடியாக வெட்டித் தேசிக்காய் பிழிந்தாள். அவகாடோவை உப்புப் போட்டு மசித்தாள். சுண்ணாம்பில் கிடந்த சோளத்தை எட்டிப் பார்த்த ஸக்கரியா, "சுண்ணாம்பு இரிக்கி, வெத்தில பாக்கு எங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆனாலும் பீங்கான் பாதி நிரம்பியபடியே திரும்பி வந்தது. மரிசோல் நன்றி சொல்வாள், சிரிப்பாள், மிச்சம் வைப்பாள். றுஸைனாவின் முகம் வாடிப்போகும். நோன்பு தொடங்கியபின் பகலில் ருசி பார்க்கவும் வழியில்லை. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அவளுக்கு மனம் ஒப்பாது. மாலையில் நோன்பு திறந்தபின் மிச்சத்தைத் தின்பாள். பட்டினி கிடந்த வாய்க்கு எதுதான் ருசிக்காது?

அதனால் ஒவ்வொரு நோன்பிலும் அவளுக்கு உப்புப் பார்ப்பது பின்வீட்டு ராசம்மாதான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த மனுசி. றுஸைனாவைவிட மூத்தவள். பிரசவத்திலிருந்து மையத்து வீடு வரைக்கும் எங்கள் குடும்பத்தோடு நின்றவள். பகலில் வேலி இடுக்கால் வருவாள், கரண்டியில் எடுத்து வாயில் விடுவாள்.

"எப்பிடிக்கா?"

"தேனாட்டம் இருக்கு புள்ள. நீ போய்த் தொழு, நான் எறக்கி வைக்கிறேன்."

இதே கேள்வி, இதே பதில். றுஸைனா கேட்டுவிட்டு நிம்மதியாகத் தொழப் போவாள்.

நோன்பு பாதியை நெருங்கும்போது திடீரென்று சட்டி காலியாகத் தொடங்கியது. மரிசோல் கௌப்பியை ரொட்டியால் வழித்துத் தின்றாள். ஒருநாள் கண் கலங்க, "எங்கள் அம்மா வீட்டு ருசி இது" என்று றுஸைனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்று றுஸைனா என் வீட்டுக்கு ஓடிவந்து அதைச் சொன்னபோது, மணமகள் மாதிரி முகம் சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மிச்சம் விழுந்தது. அன்றைக்குப் பசி குறைவாக்கும் என்று இருந்துவிட்டாள்.

பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கும். மரிசோல் பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை, படம் வரையப் போன இடத்தில் பஸ் கிடைக்கவில்லையாம். சட்டி தொடப்படாமல் இருந்தது. மாலைப் பாங்கு கேட்டது. றுஸைனா பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சி குடித்து, ஆசையாக அந்தக் கௌப்பியில் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மதினி, இதத் தின்னு பாருங்க."

தின்றேன். மாசி. வறுத்து இடித்த மாசித்தூள், நாக்கில் பட்டாலே தெரிகிற ருசி.

வேலி இடுக்கால் போய்க் கேட்டபோது ராசம்மா மறைக்கவில்லை. "ஆமா, முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து போட்டேன். அந்தப் புள்ள மிச்சம் வைக்கிறப்பல்லாம் ஒம் மூஞ்சியப் பாக்க முடியல. மாசி மீனா புள்ள? அது வாசனச் சாமான் தானே, பெருங்காயமாட்டம்."

"வெள்ளிக்கெழம நீங்க மாசி தொடுவீங்களாக்கா?"

ராசம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். முத்துமாரியம்மனுக்காக வெள்ளிக்கிழமை சுத்த மரக்கறி விரதம் பிடிக்கிறவள். அன்றைக்கு அவள் கை மாசியில் படாது, மாசி விழுந்த சட்டியில் உப்புப் பார்க்க நாக்கும் வராது. வெள்ளிக்கிழமை மிச்சம் ஏன் விழுந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மரிசோலிடம் சொல்ல வேண்டாம் என்றேன் நான். போகப்போகிற பிள்ளை, நல்லபடி போகட்டும், யாருக்கு நட்டம் என்று கேட்டேன். "அமானிதம் மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

மரிசோல் கத்தவில்லை. எந்த நாளிலிருந்து என்று கேட்டாள். தெரிந்த மட்டும் றுஸைனா சொன்னாள். அந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என் அம்மா பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போடுவாள். அதனால்தான் அம்மா வீட்டு ருசி" என்றது. பிறகு, "கடைகளில் நான் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். இங்கேதான் பார்க்காமல் சாப்பிட்டேன்" என்றது. மறுநாள் காலை கண்டி ரயிலில் போய்விட்டது. றுஸைனா நிலையம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கட்டிப்பிடித்தல் ஒன்றும் நடக்கவில்லை.

பெருநாளன்று ராசம்மா வீட்டுக்கு வட்டிலப்பம் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்படி நடந்ததே இல்லை. ஒரு சிட்டிகை மாசிக்கு இத்தனை வீம்பா என்று தெரு முணுமுணுத்தது அதற்குத்தான். ஸக்கரியாவும் சொல்லிப் பார்த்தான், நானும் சொன்னேன். வயதானவள், உன் மேல் உள்ள பாசத்தில் செய்தாள், விடு என்றேன். அவள் கேட்டுக்கொண்டு தேங்காய் துருவினாள்.

பெருநாளுக்கு மறுநாள் பட்டப்பகலில் அவள் குசினியில் கௌப்பி வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். அதே சிவப்புக் கௌப்பி, அதே சுட்ட கொச்சிக்காய். மாசி இல்லை. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாள். கரண்டியில் எடுத்து நிதானமாக வாயில் வைத்தாள். இன்னொரு கரண்டி வைத்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் தின்று பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு பீங்கானில் அதைப் போட்டு எடுத்துக்கொண்டு வேலி இடுக்கால் போனாள். சண்டை வருமோ என்று நானும் ஓடினேன். ராசம்மா பின்வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பீங்கானைக் கண்டதும் சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள் போல, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்தாள்.

"உப்புப் பாருங்கக்கா."

ராசம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். பழக்கதோஷம், "தேனாட்டம்…" என்று தொடங்கிவிட்டாள். தொடங்கியபின் முடிக்க முடியாமல் நின்றாள்.

"சப்புண்டு இரிக்கிதுக்கா" என்றாள் றுஸைனா. குரல் உயரவில்லை, கண்தான் நிரம்பியிருந்தது. "நான் நோம்பாளி, நாக்கு இல்லாதவ. ஒங்கட நாக்க நம்பித்தான் தொழப் போனேன். மாசி போட்டதக் கூட மறப்பேன். ஒவ்வொரு நாளும் நல்லா இரிக்கிண்டு சொன்னீங்களே, அத என்ன செய்ய?"

பீங்கானை விறகுக் கட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ராசம்மா என்னைப் பார்த்தாள். பாசத்தில் செய்தாள், விடு என்று றுஸைனாவிடம் சொன்னவள் நான். வேலியைக் கடந்து நானும் வந்துவிட்டேன்.