நிற்கிற லாரிக்கு மாத வாடகை

கல்லாவி தீர்த்தகிரிக்கு நாற்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு ஒரு மாடி வீடு, மேகலா என்று ஒரு மனைவி, தர்ஷினி என்று பத்தாம் வகுப்பில் ஒரு மகள். இந்த வரிசையில்தான் அவரும் சொல்வார். மேகலாவுக்கு அதில் வருத்தமில்லை. "தவணை லாரிக்குத்தானே கட்டறோம், எனக்கா கட்டறோம்?" என்பாள்.

பதினாறு வருஷம் அவருக்கு ட்ரிப் வாடகைதான். ஓசூரில் உதிரிபாகம் ஏற்றினால் பூனாவில் இறக்குவது. அங்கே புரோக்கர் எதைக் காட்டுகிறாரோ அதை ஏற்றிக்கொண்டு திரும்புவது. போனால் பத்து நாள், வந்தால் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவருடைய செல்போன் அணைக்கப்பட்டு அரிசி டப்பாவுக்குள் கிடக்கும். புரோக்கர் கூப்பிட்டால் அரிசிதான் எடுத்துப் பேச வேண்டும். அந்த நாட்களில் கறி எடுப்பதும் அவர்தான், சமைப்பதும் அவர்தான். தர்ஷினிக்குச் சரியாக அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி வந்து பள்ளிக்கூடம் போக முடியாமல் போகும்.

வருஷத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், ஒரு லோடுக்குத் தாயும் மகளும் கேபினில் ஏறிக்கொள்வார்கள். ஹூப்ளி பார்த்தாயிற்று, கோலாப்பூர் பார்த்தாயிற்று. தர்ஷினி இன்னும் பார்க்காதது கடல். பத்தாவது பரீட்சை முடிந்ததும் மங்களூருக்கு லோடு பிடித்து, கடலுக்குப் பக்கத்திலேயே லாரியை நிறுத்திக் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் போனால் ஆகாதா என்று கேட்டால், "பஸ்ல போனா கடல் மட்டுந்தான் தெரியும்" என்பாள்.

அந்த வருஷம் ஜூன் மாதம், டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கும் கௌதம், ஃபாரத்தோடு வந்து நின்றான். பொம்மசந்திராவில் சரக்கு ஏற்றி ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குள் இறக்க வேண்டும். இருபது கிலோமீட்டர்.

"மூணு விதமா வாங்கிக்கலாம்ணா. கிலோமீட்டர் ரேட்னா ஓடினாத்தான் காசு. ட்ரிப் ரேட்னா எறக்கினாத்தான் காசு. மாச வாடகைன்னா ஓடினாலும் காசு, நின்னாலும் காசு."

"நின்னாலுமா?"

"நின்னாலும். ஆனா வண்டி மாசம் முப்பது நாளும் எங்க கையில இருக்கணும்."

பக்கத்தில் நின்ற இன்னொரு லாரிக்காரர் ராஜப்பன் கிலோமீட்டர் ரேட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "நிக்கறதுக்குக் காசு வாங்க நான் என்ன, ரோட்டோரச் சிலையா மச்சான்?" என்றார். வழியிலிருக்கும் அத்திப்பள்ளி நெரிசலில் கிலோமீட்டர் எப்படி நகரும் என்பதை அந்தச் சிலை அப்புறம் தெரிந்துகொண்டது. அது அவருடைய கதை.

தீர்த்தகிரி மேகலாவிடம் சொன்னார். அவள் ஒயரிங் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள்.

"வேணாம் மாமா. மாசச் சம்பளம்னா மாசமே அவங்களோடது. பதினோரு வருஷமா வாங்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெனமும் வீட்டுக்கு வருவேன்டி."

"இப்ப வந்தா, வந்த மாதிரி இருக்கு. அப்புறம் வந்த மாதிரியும் இருக்காது, போன மாதிரியும் இருக்காது."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எங்களுக்காகன்னா நாங்க சொல்றத கேக்கணுமில்ல?"

மறுநாள் காலையில் மாத வாடகைக்குக் கையெழுத்துப் போட்டார். குடும்பத்துக்காக என்றது பாதி உண்மை. மீதிப் பாதி முதுகுவலி. வலிக்கிறது என்று சொல்வதைவிடத் தியாகம் என்று சொல்வது எந்தக் கணவனுக்கும் சுலபம்.

சரக்கு இறக்க வேண்டிய சிப்காட் கம்பெனி தன் குடோனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மெஷின் வரிசையைப் போட்டிருந்தது. அப்படியானால் சரக்கு எங்கே இருக்கும்? லாரியில் இருக்கும். லாரி எங்கே இருக்கும்? கேட்டுக்கு வெளியே வரிசையில் இருக்கும். உள்ளே சரக்குப் பெட்டி தீர்ந்ததும் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார்கள். பத்து நிமிஷத்துக்குள் வண்டி உள்ளே போகாவிட்டால் அன்றைய வாடகை கிடையாது. ஏழு மணி நேரம் கூப்பிட மாட்டார்கள். எட்டாவது மணி நேரத்தில் டீ குடிக்கப் போனால் கூப்பிடுவார்கள். ஆறு மாநிலத்துச் சாலைகளை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் குடோன் ஆனார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அவர் வீட்டு மொட்டைமாடியின் நீலத் தண்ணீர் டேங்க் தெரியும். நடந்தால் எட்டு நிமிஷம். போக எட்டு, வர எட்டு என்பதால் போக முடியாது.

முதல் மாதம் தர்ஷினி சாயந்தரம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, கேபினில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

"டோக்கன் எத்தனப்பா?"

"ஏழு."

"இப்ப எத்தன போவுது?"

"மூணு."

"அப்ப கணக்கு முடிச்சுடலாம்."

கேட் செக்யூரிட்டி மாதவன்கூட, "டியூஷன் சென்டரா அண்ணா?" என்று கேலி செய்தார். நல்லாத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் டோக்கனைக் கூப்பிட்டபோது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இந்தூர் வரை போய் வந்த பேட்டரி, நின்று நின்றே செத்துப்போயிருந்தது. அன்றைய வாடகை போனது. அதிலிருந்து இன்ஜினை அணைக்கவே அவருக்குப் பயம். வரிசையில் நிற்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலிலும் புகையிலும் கணக்குப் போட முடியாது. தர்ஷினி கேரியரைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தாள். பிறகு மேகலா, ஷிப்டுக்குப் போகிற வழியில் கொடுத்தாள். பிறகு அவரே ஹோட்டலில் பார்சல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு அவர் போனதெல்லாம் தூங்கத்தான். செல்போன் இப்போது தலையணைக்குப் பக்கத்தில். அரிசி டப்பாவில் அரிசி மட்டும் இருந்தது.

ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. தீர்த்தகிரி நாலு நாள் லீவு கேட்டார்.

"மாத்து வண்டி ஒண்ணு வெச்சுட்டுத் தாராளமா போங்கண்ணா" என்றான் கௌதம்.

"மாத்து வண்டி இருந்தா நான் ஏம்ப்பா இங்க நிக்கறேன்?"

மேயில் மறுபடியும் கேட்டார். அந்த மாதம் கம்பெனிக்கு ஆர்டர் அதிகமாம். வீட்டுக்கு வந்து, "ஜூன்ல பாக்கலாம் கண்ணு" என்றார். தர்ஷினி, "சரிப்பா" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். 'சரிப்பா'வுக்குச் சமாதானம் கிடையாது. மேகலா தன் ஷிப்ட் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை அவள் ஒரு வருஷம் முன்னாடியே சொல்லிவிட்டாள்.

ஜூன் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. கௌதம் புது ஃபாரத்தை நீட்டியபோது தீர்த்தகிரி வாங்கவில்லை. "நின்னா காசு வருதேண்ணா!" என்று அவன் நிஜமாகவே பரிதாபப்பட்டான். பழைய புரோக்கரிடம் போனார். பூனா லைனில் இப்போது வேறு வண்டி ஓடுகிறது. மூன்று வாரம் காத்திருந்த பிறகு ஒரு லோடு வந்தது. மங்களூர்.

அன்றைக்கே வீட்டுக்கு ஓடினார். "தர்ஷி, கெளம்பு! மங்களூர்!"

தர்ஷினி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்குப்பா. சாயந்தரம் ஸ்பெஷல் கிளாஸ் வேற." வயிற்றுவலி வரக்கூடும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. மேகலாவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட்.

தனியாகவே போனார். மலைப்பாதை முழுக்க மழை. சரக்கை இறக்கிவிட்டு, சொன்னபடியே கடலுக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தினார். ஆடி மாதக் கடல், மண் கலரில் எழும்பி விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணி. மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று தெரிந்தும் அவளுக்குப் போன் போட்டார். அவளுடைய செல்போன் வீட்டில் இருந்தது. மேகலா எடுத்தாள்.

அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கொஞ்ச நேரம் போனைப் பிடித்திருந்தார். "கேக்குதா?"

"என்னது?"

"கடலு. தர்ஷி வந்தா சொல்லு."

"லாரி சத்தந்தான் கேக்குது மாமா."

அப்போதுதான் கவனித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் கூப்பிட அங்கே யாரும் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, "இப்ப கேளு" என்று மறுபடி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

அதற்குள் மேகலாவின் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்திருந்தது. அவள் வைத்துவிட்டாள்.