வெட்டி எடுத்த கப்பல்கள்

பெரியவளுக்கு அந்த அபார்ட்மெண்ட் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில், இப்போதுள்ள வீட்டை வாங்குவதற்கு முன்னால் நாம் இருந்த இடம். நமக்கு இரண்டாவது மாடி. அங்கே நான் செய்த ஒரு காரியம் சின்னவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழியை அவள் மேல்தான் போட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

இரட்டைக் கோபுரம் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. உங்கம்மா கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. திண்டுக்கல்லில் ஐடிஐ படித்து ஃபிட்டராக இருந்தவன், இங்கே உங்களை ஸ்கூலில் விடுவதும் சோறு வடிப்பதும் ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி, இன்டர்வியூவுக்கு லெட்டரும் வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம். கிடைத்தால் நானும் வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் நாலு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் பார்க்கிங்கில் நின்றால் அப்போதெல்லாம் ஒரே பேச்சுதான். அரசாங்க ஆட்கள் யாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், என்ன கேட்டார்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம் என்று ஒருவர் சொல்வார். செருப்பு டப்பாவைக்கூட விடமாட்டார்களாம் பாய் என்பார் இன்னொருவர். அங்கே நின்ற யாருக்கும் அப்படி நடந்ததில்லை. நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த யாருக்கோ. இருந்தாலும் நான் வீட்டுக்கு வந்து அலமாரி எல்லாவற்றையும் குடைவேன். உங்கம்மா சிரிப்பாள்.

"ஏங்க, என் மிளகாய்த்தூளைத் தேடியா அவங்க வரப்போறாங்க?"

எல்லாரும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்து நினைத்து, கடைசியில் நான் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். முக்கியமாகக் கீழ் வீட்டுக்காரரை.

அவர் உக்ரைன்காரர். நாற்பதை ஒட்டி, என் வயசுதான். தனியாக இருந்தார். வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை, ஒரு வெள்ளை வேன். சாயங்காலம் வேனை நிறுத்தினால் உடனே இறங்கமாட்டார். சீட்டில் உட்கார்ந்தபடியே எதையோ வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். ஜன்னலில் என்னைப் பார்த்தால் கையை ஆட்டுவார். இவர் எதற்கு ஆட்டுகிறார் என்று யோசித்துக்கொண்டே நானும் ஆட்டுவேன். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, எந்த ஊர், கடல் பக்கமா, அங்கே கப்பல் கட்டுவார்களா என்று கேட்டார். எங்கள் ஊரில் பூட்டுதான் செய்வோம் என்றேன். வீட்டுக்குள் போனதும் அதையும் நோட்டில் எழுதியிருப்பார் என்று எனக்குப் பட்டது.

உங்கள் இரண்டு பேருக்கும் அவர் ஃபுட்பால் அங்கிள். புல்தரையில் இரண்டு பெயிண்ட் டப்பாவை வைத்து, நடுவில் பந்து தடுக்கும் கோலியாக நிற்பார். சின்னவள் உதைக்கிற பந்துக்கெல்லாம் வேறு பக்கம் போய் விழுவார். அதிலும் எனக்குச் சந்தேகம். ஆடத் தெரிந்த மனுஷன் எதற்கு வேணும்னே விழுகிறார்?

அந்த மார்ச்சில் ஈராக்கில் சண்டை ஆரம்பித்தது. டிவியில் நாள் முழுக்கப் போர்க்கப்பல். அதே வாரம் அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கார்ப்பெட் எல்லாம் ஊறிப்போனது. மதியம் வந்து கதவைத் தட்டினார். கையில் டேப் சுற்றிய ஒரு அட்டைப்பெட்டி. வீட்டை ரிப்பேர் பண்ணும்வரை பென்சில்வேனியாவில் ஒரு வேலைக்குப் போகிறாராம். பத்து நாள் பெட்டி இங்கே இருக்கட்டும் என்றார். "நீங்க எப்பவும் வீட்லதானே இருக்கீங்க" என்றும் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை நீட்டி வாங்கிவிட்டேன்.

வாங்கினால் அது அமானிதம். ஒருவர் நம்பிக் கொடுத்த பொருள். அவர் கைக்குத் திரும்பிப் போகும்வரை நாம்தான் பொறுப்பு, அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். எங்கள் அத்தா என்னை அடித்துச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றைத்தான்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள், நீங்கள் ஸ்கூலில் இருந்தபோது, டேப்பை நகத்தால் பதமாக உரித்துத் திறந்தேன்.

உள்ளே எல்லாம் ஃபோட்டோ. பழைய கறுப்பு வெள்ளை. அரைக்கால் சட்டை போட்ட ஆம்பளைகள் இரண்டு வரிசையாக, முன்வரிசை மண்டிபோட்டு, நடுவில் பந்து. அவர்களுக்குப் பின்னால், எந்தப் படத்தை எடுத்தாலும், கப்பல். பாதி கட்டிய கப்பல், கிரேன், சாரம். சிலதில் பீரங்கிக் குழாய் நீட்டிய சாம்பல் நிறக் கப்பல், பக்கவாட்டில் நம்பர். படத்தின் பின்பக்கம் எனக்குப் புரியாத எழுத்து. கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிற ஒரு முஸ்லிம் வீட்டில், பெட்டி நிறையப் போர்க்கப்பல்.

தூக்கிப் போடலாம் என்றால் அமானிதம். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ஆள் ஊரில் இல்லை, போன் நம்பரும் வாங்கி வைக்கவில்லை. அப்படியே வைத்திருந்தால், யாராவது வந்து பார்த்தால், நம் கதை முடிந்தது. உங்கம்மாவிடம் சொன்னால் பெட்டியை யார் பிரிக்கச் சொன்னது என்பாள். அப்போது ஒரு வழி தோன்றியது. அது ரொம்பப் புத்திசாலித்தனமாகவும் பட்டது. ஆட்களை வைத்துக்கொண்டு கப்பலை மட்டும் எடுத்துவிடுவது. பந்தோடு நிற்கிற ஆட்களால் யாருக்கு என்ன கெடுதல்?

கத்தரியை எடுத்து உட்கார்ந்தேன். தோளை ஒட்டி, தலையைச் சுற்றி, ஒவ்வொரு படமாக வெட்டினேன். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்தேன். இது என்ன கப்பல், எத்தனை புகைபோக்கி, எதற்கு இந்த நம்பர் என்று பார்த்துப் பார்த்துப் பயந்தேன். கப்பல் துண்டுகளைப் பொடிப்பொடியாக்கி, காய்கறித் தோலோடு கலந்து டம்ப்ஸ்டரில் போட்டேன். மறுநாள் காலை குப்பை லாரி வந்து போனபிறகுதான் மூச்சு வந்தது. ஆட்களை அடுக்கி, அதே டேப்பை ஒட்டி வைத்தேன்.

பத்தாம் நாள் அவர் வந்தார். வாசலிலேயே பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்றை. கப்பல் எங்கே என்று கேட்டார்.

சின்னவள் கத்தரியை எடுத்து விளையாடிவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். உனக்கு அப்போது ஐந்து வயசு, அம்மா. யோசிக்கக்கூட இல்லை, அது தானாக வாயில் வந்தது. அவர் படத்தின் வெட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பெட்டியை மூடிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் புல்தரைக்கு வரவில்லை. ஃபுட்பால் அங்கிள் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டபோது, அவருக்கு வேலை ஜாஸ்தி என்றேன்.

இன்டர்வியூ பத்து நிமிஷத்தில் முடிந்தது. கல்யாணம் எப்போது, பிள்ளைகள் எத்தனை பேர், உங்கம்மா ஆபீஸ் எங்கே. கேள்வி கேட்ட ஆபீசரம்மா சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். வீட்டைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது.

அன்று சாயங்காலம் நாம் படியேறும்போது அவர் கீழே நின்றிருந்தார். கையில் ஒரு பை. முனை மழுங்கின சின்னக் கத்தரி ஒன்றையும் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களையும் எடுத்து, குனிந்து சின்னவளிடம் நீட்டினார். இனிமேல் இதை வெட்டு, என் படத்தை வெட்டாதே, சரியா என்று மெதுவாகச் சொன்னார்.

நீ இங்கிலீஷில் பதில் சொன்னாய். நான் உங்க படத்தை வெட்டல அங்கிள், கத்தரி ஃபிரிட்ஜ் மேல இருக்கு, எனக்கு எட்டாது. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

நான்தான் வெட்டினேன் என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். "குழந்தை இப்படி வெட்டாது. ஒரு காதுகூட அறுபடல. நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்."

உங்களை அம்மாவோடு மேலே அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கார்ப்பெட் எடுத்த வெறும் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் இங்கிலீஷும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இருந்தாலும் எல்லாம் புரிந்தது.

அவருடையது கருங்கடல் பக்கம் ஓர் ஆற்றங்கரை ஊர். ஊருக்கே கப்பல் கட்டுவதுதான் தொழில். கப்பல் பட்டறை ஆட்கள் வேலை முடிந்து மதிலோரம் உதைத்த பந்துதான் பிறகு ஒரு கிளப் ஆனது. ஆட்சி மாறினால் கிளப்பின் பெயரும் மாறும். ஆடுகிறவர்கள் மட்டும் அதே வெல்டர், அதே ஃபிட்டர், அதே பெயிண்டர். இவரும் பகலில் வெல்டிங், சாயங்காலம் ரிசர்வ் கோலி. போர்க்கப்பல் கட்டுகிற இடம் என்பதால் அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரன் ஊருக்குள்ளேயே வர முடியாது. பேப்பரில் டீம் படம் போட்டால், பின்னால் இருக்கும் கப்பலை மை பூசி மறைத்துவிடுவார்களாம். நாடு உடைந்தபிறகு பட்டறைக்கு ஆர்டர் இல்லை. பாதி கட்டிய கப்பல்கள் அப்படியே துருப்பிடித்தன. கிளப்பும் பெரிய பிரிவிலிருந்து கீழே சறுக்கியது. இந்தக் கதை அழிந்துபோகுமுன் எழுதி வைக்க, பழைய ஆட்டக்காரர்களின் வீடுகளில் ஒளித்து வைத்திருந்த படங்களைக் கடிதம் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றாகத் தபாலில் வாங்கியிருக்கிறார். வேனில் உட்கார்ந்து எழுதியது அதைத்தான்.

"கப்பல் இல்லாத படம் எங்க ஊர்ல நிறைய இருக்கு. கப்பலோட இருந்தது இது மட்டும்தான்."

அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

"சொல்லுங்க. இதுக்குப் பின்னால என்ன இருந்தது?"

சொன்னேன். பயத்தில் அவ்வளவு உற்றுப் பார்த்திருந்ததால் முக்கால்வாசி மனசில் அப்படியே நின்றது. இரண்டு புகைபோக்கி, இடது பக்கம் சாய்ந்த கிரேன், சாரத்தில் ஓர் ஆள் காலைத் தொங்கப்போட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, கப்பல் பக்கத்து நம்பரில் கடைசி இரண்டு இலக்கம். அவர் ஒவ்வொன்றையும் படம் போட்டுக் காட்டி, இப்படியா இப்படியா என்று கேட்பார். நம்பரைக் கேட்டு எழுதும்போது எனக்குப் பழையபடி சந்தேகம் வந்தது. இந்த மனுஷனுக்கு எதற்கு நம்பர்? முத்திரை குத்தின பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கும்போதே அப்படி நினைத்தேன்.

மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். ஒரு படத்துக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் எதுவும் வரவில்லை. ஒல்லியாக ஒரு கோலி, பக்கத்தில் சிரிக்கிற இரண்டு பேர், மேலே நான் வெட்டின விளிம்பு. கிரேன் என்று ஒப்புக்குச் சொல்லியிருக்கலாம். எல்லாப் படத்திலும்தான் கிரேன் இருந்ததே. அவர் பென்சிலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியவில்லை என்றேன்.

அவர் தலையாட்டி, அதையே எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால் நான் சொன்னதையெல்லாம் அவர் அப்போதுதான் நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். நம்பினாரா என்று நான் கேட்கவில்லை.