பச்சைச் சோற்றில் உறைப்பு ஏறிய மாதங்கள்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சோறு உறைக்கத் தொடங்கியது மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி. முதல் கிழமை மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அடுத்த கிழமை எனக்கே கண் கலங்கி மூக்கு ஒழுகியது. சமைத்தவர் என் கணவர். அவர் மட்டும் நெற்றியில் வேர்வை வழிய, ஒன்றும் நடக்காதவர்போல் சாப்பிட்டு முடித்து இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டார். கொச்சிக்காய் கூடிப்போச்சா என்று கேட்டேன். எப்போதும் போடுகிற அளவுதான் என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். வெட்டின மிளகாய்க் காம்புகள் குப்பைக் கூடையில் கிடந்தன.

அவர் பத்துப் பன்னிரண்டு வருசம் கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையற்காரராக இருந்தவர். பெரிய நோய் வந்து ஹோட்டலைப் பூட்டியபோது, திறந்ததும் கூப்பிடுவோம் என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். கல்முனையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பக்கத்து வளவில் எனக்கு மூத்த ராத்தா இருக்கிறாள்; வாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மதிலை நடுவில் வைத்து, போக வர அதில் ஒரு ஓட்டையும் விட்டு வீடு கட்டித் தந்தவர். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். இவர் வீட்டில் இருந்ததால் குசினி மெல்ல மெல்ல அவர் கைக்குப் போனது. எனக்கு அதில் சந்தோசம்தான்.

வெள்ளிக்கிழமைகளில் ஆக்குகிற பச்சைச் சோறு அவர் அங்கிருந்து கொண்டுவந்த சமையல். பேர் நாங்கள் வைத்தது. ஹோட்டலில் அதைத் தனிச் சாப்பாடாகக் கொடுக்கமாட்டார்களாம். சுட்ட கோழிக்கோ மீனுக்கோ பக்கத்தில் ஒரு சின்னக் குவியலாக வைப்பார்களாம். இதைக் கேட்டு ராத்தா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம். சோற்றையே தொட்டுக்கொள்கிற ஊரும் இருக்கா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விடக் கூட அவள்தான் சாப்பிட்டாள்.

இவர் அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். கீரிச் சம்பா அரிசியை மணத்துக்கு ரம்பை இலைத் துண்டு போட்டு உதிரியாக வடித்து ஆறவிடுவார். வெங்காயமும் உள்ளிப் பூண்டும் பச்சைக் கொச்சிக்காயும் எண்ணெயில் வதக்கி அதில் கொட்டுவார். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் மல்லி இலை. ஒரு கட்டு முழுவதையும் பொடியாக வெட்டிப் போட்டு, தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவிப் போட்டு, சாற்றைப் பிழிந்து கிளறுவார். சூட்டில் போட்டால் மணம் செத்துவிடும் என்பார். பொரித்த பாரைக் குட்டியோடு சாப்பிட்டால் வேறு கறி தேவையில்லை.

அவர் வாயில் வைத்துப் பார்த்துச் சமைக்கிற ஆள் இல்லை, மணந்து சமைக்கிற ஆள். நோன்பு மாதத்தில் மூடியைத் திறந்து ஆவியில் முகத்தைப் பிடித்துவிட்டு, கஞ்சிக்கு உப்புக் காணாது என்பார். உப்புக்கு ஏது மணம் என்று நான் கேட்டால், இருக்கு, உனக்குத்தான் தெரியா என்பார். நோன்பு திறக்கும்போது பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

ஊருக்கு வந்து ஒரு வருசம் போனபின் அவருக்கும் அந்தப் பெரிய நோயின் காய்ச்சல் வந்தது. பின்னறையில் தனியாகக் கிடந்தார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நான் விலகி நிற்பேன். மூச்சுக்குப் பிரச்சினை வராமல் எழும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் ஒரு ஆட்டிறைச்சிக் கறி ஆக்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

உறைப்பு ஏறிய பிறகு புளிப்பும் ஏறியது. ஒரு தேசிக்காய் போதும் என்கிற சோற்றுக்கு மூன்று பிழிந்தார். மகள் தன் பங்கை ராத்தாவின் கோழிகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். கோழியும் தின்னவில்லை என்று வந்து சொன்னாள். பிறகு வேறு சில விசயங்களும் என் கண்ணில் படத் தொடங்கின. சந்தையிலிருந்து மீனோடு வந்தால் பையை என்னிடம் நீட்டி, நல்லதா பாரு என்பார். முன்பு நான் வாங்கிய மீனை அவர்தான் குற்றம் சொல்வார். ஒருநாள் திரைந்த பாலில் தேநீர் ஊற்றி அமைதியாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஜும்ஆவுக்குப் போகுமுன் அத்தர் பூசினால் வீடு முழுக்க மூச்சு முட்டும். மகள் தும்மிக்கொண்டு வெளியே ஓடுவாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று மணிக்கட்டை மூக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் பூசுவார்.

மூக்கு அடைப்பா என்று ஒருமுறை கேட்டேன். சளி என்றார். சளி இத்தனை மாதமா இருக்கும் என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். ஹோட்டல் திறக்கப்போகிறது என்று அவருடைய கூட்டாளிகள் போனில் சொல்லத் தொடங்கியிருந்த நேரம் அது. மணம் தெரியாத சமையற்காரரை யார் கூப்பிடுவார்கள்?

அதே மாதங்களில்தான் நாடு முழுக்கக் காஸ் அடுப்பு வெடிக்கிற செய்தி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு ஊர். போனில் படங்கள் வரும். கண்ணாடி மேல்தட்டு சுக்குநூறாகிக் கிடக்கிற அடுப்பு, கரி பிடித்த குசினிச் சுவர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் வேறு எதைக் கதைத்தார்கள்? சிலிண்டரை வெளியே வைத்துச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் இழுத்தவர்கள் இருந்தார்கள். சவர்க்கார நுரையைக் குழாய் பூட்டுகிற இடத்தில் தடவிக் குமிழி வருகிறதா என்று தினமும் பார்த்தவர்கள் இருந்தார்கள். ராத்தா அடுப்பையே தூக்கி வெளியே வைத்துவிட்டு, சம்மாந்துறையிலிருந்து விறகு ஒரு லோடு இறக்கினாள்.

அவள் மதிலுக்கு அங்கால் நின்று எங்களையும் விறகுக்கு மாறச் சொன்னாள். இவர் சிரித்தார்.

"காஸ் கசிஞ்சா மணக்கும்தானே ராத்தா. மணந்தா உடன நிப்பாட்டலாம். பயப்பட என்ன இருக்கு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதெல்லாம் வீட்டுப் பக்கம் காது கொடுத்தபடி இருந்தேன். எங்காவது பட்டாசு வெடித்தாலும் எழுதிக்கொண்டிருந்த சாக்கட்டி கையிலிருந்து விழும். காலையில் வெளிக்கிடுமுன் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போவேன். போன கையோடு அவர் திறந்து தேநீர் வைப்பார் என்று தெரிந்தே மூடுவேன்.

வாடைக் காற்று வந்தது. கடல் இரைச்சல் பகலிலும் வீட்டுக்குள் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை. வெள்ளி என்றால் எங்கள் பள்ளிக்கூடம் ஜும்ஆவுக்காக நேரத்தோடு விட்டுவிடும். மகளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு நடந்தேன். மழை சாய்ந்து அடித்ததில் வீதியோர வீடுகள் எல்லாம் ஜன்னலைச் சாத்தியிருந்தன. எங்கள் வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. அதைக் கண்டதும் என் நடை வேகமானது. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

வீட்டின் பக்கவாட்டுப் படலையைத் திறந்தேன். மழை மணத்துக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில், அழுகின முட்டைபோல் ஒரு நாற்றம் லேசாக வந்தது. காற்று திரும்பியதும் இல்லாமல் போனது. மறுபடி வந்தது. மகளை மதில் ஓட்டை வழியாக ராத்தா வீட்டுக்குள் தள்ளி, பெரியம்மாவோடு உள்ளே இரு, வெளியே வராதே என்றேன். ஏன் உம்மா என்றாள். நான் குசினிப் பக்கம் ஓடினேன்.

குசினிக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். நாற்றம் முகத்தில் அடித்தது.

அவர் மேசைக்கு முன்னால் நின்றார். பலகையில் மல்லி இலை வெட்டிக் குவித்து வைத்திருந்தது. பக்கத்தில் நாலைந்து தேசிக்காய். கழுவின அரிசி பானையோடு அடுப்பில் இருந்தது. லைட்டர் வேலை செய்யாமல் கிடக்க, அவர் கையில் நெருப்புப் பெட்டி இருந்தது. ஒரு குச்சியை எடுத்துப் பிடித்திருந்தார். ஈரத்தில் அது பத்தவில்லை போலும். கீழே உடைந்த குச்சிகள் கிடந்தன. என்னைக் கண்டு சிரித்தார்.

கத்தினால் அவர் திடுக்கிட்டுக் குச்சியை உரசிவிடுவார் என்று பயந்தேன். என் குரல் எப்படி அவ்வளவு அமைதியாக வந்தது என்று தெரியவில்லை.

"மச்சான், அத வைங்க."

"என்ன புள்ள?"

"கையில இரிக்கிறத வைங்க."

வைத்தார். நான் போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். மழையில் நிறுத்திவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். ரெகுலேட்டரை மூடினேன். ஜன்னல்களைத் தள்ளித் திறந்தேன். மழை உள்ளே அடித்து மல்லி இலையெல்லாம் நிலத்தில் பறந்தது. கை தானாக மின்விசிறிச் சுவிட்சுக்குப் போனது. அல்லாஹ்தான் காப்பாற்றினான், விரல் படுமுன் சுவிட்சில் பறக்கிற பொறி நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது அவர் நான் நிறுத்திய இடத்திலேயே நனைந்துகொண்டு நின்றார்.

"என்ன நடந்த?"

"காஸ்."

"எங்க?"

அந்த முற்றத்திலேயே நாற்றம் நிற்கிறது, அவர் எங்கே என்று கேட்கிறார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மெல்ல மாறியது. குசினியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமும் உள்ளுக்குத்தான் நிண்டன் புள்ள," என்றார். "எனக்கு ஒண்டும் மணக்கல்ல."

பிறகு எல்லாம் சொன்னார். காய்ச்சலோடு போனதாம். வரும் வரும் என்று காத்திருந்தாராம். கொச்சிக்காய் எரிவதும் தேசிக்காய் புளிப்பதும் மட்டும் தெரியுமாம். மற்றதெல்லாம் வாய்க்குள் ஈரத் துணியை மென்றதுபோல் இருக்குமாம். அதனால்தான் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறார். பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அவர் உடை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அன்றைக்கு அத்தர் பூசவில்லை.

பின்னேரம் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். பூட்டுகிற இடத்தில் ரப்பர் வெடித்து நகம் போகிற அளவுக்குப் பிளந்திருந்தது. ராத்தா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். தன்னுடைய விறகில் பாதியை மதிலுக்கு இங்கால் எறிந்தாள்.

ஒரு மாதமும் போகவில்லை, கட்டாரிலிருந்து தலைமைச் சமையற்காரர் கூப்பிட்டார். இவர் முற்றத்தில் நின்று கதைத்தார். ஓம், ஓம் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. உள்ளே வந்து, போகப்போகிறேன் என்றார். வரிசையாகப் பத்து இருபது அடுப்பு எரிகிற குசினியில் எப்படி நிற்பீர்கள் என்று கேட்டேன். அங்கே காஸ் கசிந்தால் தானாக மணி அடிக்கிற மெஷின் இருக்கிறது என்றார்.

"சாப்பாடு பழுதாகினா மணி அடிக்குமா?"

அவர் எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை.

அதை முடித்து வைத்தது நான் இல்லை. ஒரு காலை மல்லி இலை வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் திடீரென மூக்கைப் பொத்தினார். என்ன இது, அழுகிப்போனதையா வாங்கினாய் என்றார். இலையில் தண்ணீர்த் துளி நின்றது, அவ்வளவு புதிது. நான் ஒரு கொத்தை நீட்டினேன். அவர் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். ரப்பரைக் கொளுத்தினதுபோல் இருக்கிறது என்றார். முதலில் எனக்குச் சந்தோசம் வந்தது, ஏதோ மணக்கத் தொடங்கிவிட்டது என்று. பிறகு வெங்காயமும் அப்படி நாறியது. பொரித்த கோழி, கோப்பி, என் தலைக்கு வைத்த எண்ணெய் எல்லாம் அப்படியே. டொக்டர், இது சிலருக்கு இப்படித்தான் பிழையாகத் திரும்பும், நேராகுமா ஆகாதா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அன்று மாலை இவரே கட்டாருக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னார். காரணம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் வேலை என்றாராம்.

இப்போது சம்மாந்துறையில் அவரோடு கூடப் பிறந்த காக்காவின் அரிசி ஆலையில் வேலைக்கு நிற்கிறார். நெல் தூசில் எந்த மணமும் தெரியவில்லை, அது நிம்மதி என்கிறார். வெங்காயம் மெல்ல மெல்லத் தேறிவிட்டது. மல்லி இலை தேறவில்லை. வீட்டுக்குள் நாங்கள் அதை எடுப்பதே இல்லை. வெள்ளிக்கிழமைச் சோற்றை இப்போது நான்தான் ஆக்குகிறேன், தேசி இலையும் கறிவேப்பிலையும் பொடியாக வெட்டிப் போட்டு. நல்லா இருக்கு என்று சாப்பிடுகிறார். உண்மையா பொய்யா என்று நான் கேட்பதில்லை.

ஆனால் போன மழையிலிருந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அல்லது மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். சட்டென்று தலையை நிமிர்த்தி, புகை மணக்குது என்பார். எங்களுக்கு ஒன்றும் மணக்காது. நான் எழும்பிப் போய்க் குசினி, பின்னறை, கிணற்றடி எல்லாம் பார்த்துவிட்டு வருவேன். எங்கும் நெருப்பு இருக்காது. இல்லை என்று சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். ஆனால் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் நானும் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.