பதினான்கடிச் சுவரும் ஒரு சராசரி மனிதனும்

என் உடம்பை நம்பி ஒரு தொலைக்காட்சி சானல் முடிவெடுத்தது என்று சொன்னால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கூட நம்பமாட்டார். லிஃப்ட் பழுதாகிற நாட்களில் இரண்டாவது மாடிக்குப் போகும் வழியில் நான் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் மெயின்டனன்ஸ் அறிவிப்பை மறுபடி மறுபடி படிப்பதைப் பார்த்தவர் அவர். ஆனால் நடந்தது அதுதான்.

என் மனைவியின் தம்பி சென்னையில் ஒரு சானலில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "கேம் டிசைன், மாமா" என்பான். திடமாக இருக்கிற மனிதர்களை எப்படியெல்லாம் சேற்றில் விழவைக்கலாம் என்று ஏசி அறையில் உட்கார்ந்து யோசிக்கிற வேலை. அவர்களுடைய நிகழ்ச்சியின் பெயரில் வீரமும் வேங்கையும் உண்டு, இரண்டுக்கும் முன்னால் ஒரு சத்துமாவு கம்பெனியும் உண்டு. ஊர் ஊராகப் போய் ஆட்களை ஓடவிட்டு, தொங்கவிட்டு, சுவர் ஏறவிட்டு, மிஞ்சுகிறவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போவார்கள். அந்த முறை திருச்சிக்கு வந்தார்கள். கொள்ளிடக் கரையோரமாக ஒரு காலி மைதானத்தில் செட் போட்டிருந்தார்கள்.

மைத்துனன் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கினான். முதல் நாள் இரவு நான்காவது தோசையைப் பிய்த்துக்கொண்டே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தான். கல்யாண மண்டபத்தில் அண்டாவைப் பார்த்து எத்தனை பேருக்குக் காணும் என்று கணக்குப் போடுவார்களே, அப்படி ஒரு பார்வை.

"மாமா, சனிக்கிழமை ஃப்ரீயா?"

"எதுக்குப்பா?"

"கேமை டெஸ்ட் பண்ண ஒரு ஆள் வேணும். ஜிம் பசங்கள வச்சுப் பாத்தா எல்லாமே ஈஸியாத் தெரியுது. எங்களுக்கு ஒரு ஆவரேஜ் பாடி வேணும்."

"ஆவரேஜ்னா?"

"சோஃபாவுல உக்காந்து எங்க ஷோவைப் பாக்கறாங்கல்ல, அவங்க மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆவரேஜுக்குக் கொஞ்சம் கீழ இருந்தாலும் பரவாயில்ல" என்று சேர்த்துக்கொண்டான்.

விதியையும் அவனே விளக்கினான். சுவரின் உயரம் பதினான்கு அடி. ஒரு கயிறு தொங்கும். எனக்கு மூன்று வாய்ப்பு. நான் ஒரு தடவை ஏறிவிட்டாலும் ஆட்டம் சுலபம் என்று பொருள். சுவரை இரண்டடி உயர்த்திவிடுவார்கள். மூன்று தடவையும் விழுந்தால் ஆட்டம் கடினம் என்று பொருள், இரண்டடி இறக்கிவிடுவார்கள். ஒரு மாவட்டத்தின் வீரத்துக்கு என் தொந்தியை வைத்து அளவெடுக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. இத்தனை வருடமாக நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படித்து வளர்த்தது வீண்போகவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் கணக்கு டீச்சராக இருக்கிற பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சரும் அந்தப் போட்டியில் இருந்தார். வையம்பட்டிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகளுக்குக் கயிறு ஏறக் கற்றுக்கொடுப்பவர், தானும் கைகளை மட்டும் வைத்து ஏறுபவர். பல வருடமாகத் தற்காலிக வேலை. "டிவியில சென்னை வரைக்கும் போயிட்டு வாம்மா, நான் மேனேஜ்மெண்ட்ல பேசறேன்" என்று தலைமையாசிரியர் என் மனைவியின் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அது என் மனைவியின் சொந்த விஷயமாகிவிட்டது. நிரந்தர வேலைக்கும் வையம்பட்டிக்கும் நடுவே நின்றது பதினான்கடி ப்ளைவுட்.

தம்பி தூங்கப் போனதும் வந்து நின்றாள்.

"ஏங்க, நீங்க ஏறிடாதீங்க."

"எங்க?"

"சுவர்லதான். நீங்க ஏறினா இன்னும் உயரமாக்கிடுவாங்க. பாவம், அவ எப்படி ஏறுவா?"

"நான் ஏறாம இருக்கறதுக்கு யாரும் வேண்டிக்கக்கூட வேணாம்."

"விளையாடாதீங்க. உங்களுக்குன்னு ஒரு வீம்பு இருக்கு. நாலு பேர் பாத்தா வயித்த உள்ள இழுத்துக்கற ஆளு நீங்க."

எங்கள் குடித்தனத்தில் நான் எதிலாவது ஜெயித்துவிடுவேனோ என்று அவள் பயந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனேன். டிவியில் பார்க்கும்போது போர்க்களம் மாதிரி இருப்பது நேரில் பாதி பிரித்த கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. சேற்றுக் குழிக்கு ஒருவர் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டு, விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கொழகொழன்னு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெருப்பு வளையத்துக்கான நெருப்பு கம்ப்யூட்டரில் வருமாம். வெறும் இரும்பு வளையம்தான் நின்றது, அதில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். தொகுப்பாளர் ஒரு மூலையில் "இது வெறும் சுவர் இல்லை, உங்கள் விதி" என்ற வரியை ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு விதத்திலும் அது ப்ளைவுட்டாகவே இருந்தது.

பாதுகாப்பு பெல்ட்டை மாட்ட வந்த உதவியாளர் என் இடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிரமப்பட்டார். "மூச்ச விடுங்க சார்" என்றார். விட்டேன். "இல்ல சார், இழுங்க" என்றார்.

முதல் தடவை கயிற்றைப் பிடித்து ஒரு காலை வைத்தேன். இன்னொரு காலை வைப்பதற்குள் கீழே போட்டிருந்த மெத்தையில் இருந்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் மேலே போய், அங்கேயே சிறிது நேரம் தொங்கி, பிறகு சறுக்கி வந்தேன். நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. மனைவியின் கட்டளையை இவ்வளவு சுலபமாக நான் வேறெப்போதும் நிறைவேற்றியதில்லை. லைட் போடுகிற பையன்கள் இருவர் சிரித்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம், "விட்ரா, ரிட்டயர்டு ஆளு" என்றான். நான் ரிட்டயர் ஆக இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

மூன்றாவது தடவை என்ன ஆயிற்று என்று இன்னமும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. கோபத்தில் கயிற்றைப் பிடித்தேன். கால் பிடித்தது. அடுத்த காலும் பிடித்தது. வயிறு வழக்கத்துக்கு மாறாக ஒத்துழைத்தது. கண் திறந்தபோது என் இடது கை சுவரின் மேல் கட்டையைப் பற்றியிருந்தது. தலை சுவருக்கு மேலே நின்றது. அந்தப் பக்கம் தூரத்தில் கோபுரம் தெரிந்தது. கிட்டத்தில் யூனிட் சாப்பாட்டு வண்டி தெரிந்தது. மைத்துனன் உட்பட எல்லோரும் பொங்கல் வாங்க வரிசையில் நின்றார்கள். என் பெல்ட்டின் கயிற்றைப் பிடித்திருந்த உதவியாளரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயமென்றால் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவன் நான். இன்னொரு கையைத் தூக்கிப் போட்டால் போதும், திருச்சி மாவட்டத்தில் ஒரு சுவர் என்னால் உயரும்.

அப்போதுதான் பி.டி. டீச்சரின் நினைவு வந்தது. கையை விட்டேன்.

மெத்தையில் விழுந்த சத்தம் கேட்டு மைத்துனன் பொங்கல் தட்டோடு ஓடிவந்தான்.

"மூணும் அவுட்டா மாமா? சூப்பர். இதுதான் நான் எதிர்பார்த்தது."

"கை மேல பட்டுருச்சுப்பா. நானா விட்டேன்."

"சரி மாமா, சரி. பொங்கல் சாப்பிடுங்க."

வீட்டில் சொன்னேன். மனைவியும் "சரிங்க, சரிங்க, சாப்பிடுங்க" என்றாள். அக்காவும் தம்பியும் என்பது பதிலிலேயே தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தியாகம் சாப்பாட்டுக்கு அழைக்கும் குரல்களில் கரைந்துபோனது. சுவரை அன்று மாலையே பன்னிரண்டடி ஆக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. பார்வையாளர்களாக நாங்களும் போனோம். எப்போது கைதட்ட வேண்டும், எப்போது வாயில் கை வைத்து அதிர்ச்சியடைய வேண்டும் என்று முதலில் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு அதிர்ச்சி சரியாக வரவில்லை என்று பின் வரிசைக்கு மாற்றினார்கள்.

போட்டியாளர்கள் எட்டுப் பேர். சீக்கிரம் ஏறுகிற ஐந்து பேருக்குச் சென்னை. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு சோகக் கதை தேவை என்பது நிகழ்ச்சியின் வழக்கம். பி.டி. டீச்சரிடமும் மைக்கை நீட்டினார்கள்.

"உங்க வாழ்க்கையில நீங்க தாண்டி வந்த வலி என்ன மேடம்?"

"கெண்டைக்கால்ல ஒரு தடவை பிடிச்சுக்கிச்சு சார்."

"அது இல்ல மேடம், மனசுல. அப்பா எப்படி?"

"நல்லாருக்காரு. கடலைக்காட்டுல களையெடுக்க ஆள் வச்சிருக்காரு, வரமுடியல."

தொகுப்பாளர் தளர்ந்துபோனார். கடைசியில் டீச்சரை ஆற்றைப் பார்த்தபடி சும்மா நிற்கச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டார்கள். மற்றதை வயலின் பார்த்துக்கொள்ளும்.

விசில் ஊதினார்கள். முதல் பையன் தூரத்திலிருந்து ஓடிவந்தான், சுவரில் இரண்டு எட்டு வைத்துத் தாவினான், மேல் கட்டையை எட்டிப் பிடித்து ஏறிவிட்டான். கயிற்றைத் தொடவே இல்லை. இரண்டாமவனும் அப்படியே. கல்லூரியில் படிக்கிற நெட்டைப் பெண் ஒருத்தியும் அப்படியே. பன்னிரண்டடிக்குக் கயிறே தேவைப்படவில்லை. என் மனைவியின் கைதட்டல் மெதுவாகக் குறைந்தது.

பி.டி. டீச்சர் குள்ளம். நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தார். காலை உபயோகிக்காமல், கை மேல் கை வைத்து, அவசரமில்லாமல் ஏறினார். நான் அங்கே பார்த்தவற்றில் உருப்படியான ஒரே காரியம் அதுதான். அதற்கு ஆன நேரத்தில் ஓடித் தாவுகிறவர்கள் இரண்டு பேர் ஏறிவிடலாம். ஆறாவதாக வந்தார். நடுவராக வந்திருந்த முன்னாள் சினிமா வில்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க தோக்கல தங்கச்சி" என்றார். பின்பு ஜெயித்த ஐந்து பேரையும் சத்துமாவு டப்பாவோடு நிற்கவைத்து நிகழ்ச்சியை முடித்தார்கள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டதும் என் மனைவி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஆறுதல் சொல்லத்தான். காபி வந்தது. ஆறுதல் வருவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஏன் மிஸ் இறக்குனாங்க? பதினாலுன்னு சொல்லித்தான் நான் பேரே குடுத்தேன்."

"உன்னை மாதிரி இருக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சிருப்பாங்கம்மா."

"கஷ்டமா இருந்தாத்தானே மிஸ் அவங்களால முடியாது. தாவறதுக்கு எட்டாதுன்னா எல்லாரும் கயித்துக்குத்தானே வந்தாகணும்? கயித்துல அவங்க யாரு?"

கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டோம் என்று கணக்கு டீச்சருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

"யாரோ ஒரு பெரியவரை ஏறவிட்டுப் பாத்தாங்களாம். மூணு தடவையும் விழுந்துட்டாராம்" என்றார் பி.டி. டீச்சர்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இவர்தாம்மா அது" என்றாள். இறுக்கத்தைக் குறைக்க நினைத்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே, "வேணும்னே விட்டேன்னு வேற சொல்லிட்டுத் திரியறாரு" என்றாள். யார் விடச் சொன்னது என்பதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அந்த வீட்டில்தான் நான் இருந்தாக வேண்டும்.

பி.டி. டீச்சர் சிரிக்கவில்லை.

"நெசமாவா சார்? மேல் கட்டையில கை வச்சீங்களா?"

"வச்சேம்மா."

"எப்படி இருந்தது?"

"முன்பக்கம் வழவழன்னு பெயிண்ட் அடிச்சிருந்தான். பின்னாடி இழைக்கவே இல்ல. விரல் போற இடமெல்லாம் சிராய்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையை விரித்துக் காட்டினார். நடுவிரலின் நுனியில் சிராய் எடுத்த இடம் இன்னும் சிவந்திருந்தது. கீழே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடம் அது.

"அப்ப நீங்க ஏறிட்டீங்க சார்" என்றார்.

"ஏறின மாதிரிதான்."

"அப்படியே ஏறியிருந்தீங்கன்னா பதினாறு ஆக்கியிருப்பாங்க." கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். தெரு விளக்குக் கம்பத்தின் உயரத்தை அளக்கிற மாதிரி இருந்தது. "பதினாறுன்னா நான் ஒருத்திதான் சார்."

பிறகு காபி நன்றாக இருந்தது என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் ஒரு சுவர் ஏறினேன் என்பதை நம்புகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். அவர் மட்டும் நம்பாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.