அத்தை கொடுக்காத ரிப்போர்ட்

டீ வந்ததும் அத்தை முதலில் காசைக் கொடுத்துவிடுவார். பிறகுதான் கிளாஸைத் தொடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். "நாம பின்னாடி போற ஆளு சட்டுனு எழுந்து போயிட்டா, மீதிச் சில்லறைக்கு நின்னுக்கிட்டு இருக்க முடியுமா?" என்பார். அவர் பாதி டீயோடு எழுந்து ஓடிய கடைகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

அத்தை தனியார் துப்பறிவாளர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரு துணிப்பை, அதில் குடை, ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு. செருப்பு மாறினால் நடையே மாறிவிடுமாம். முகங்களை அவர் நம்புவதில்லை. பதினொரு வருடம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். கவுண்டர் ஓட்டை வழியே நுழைந்த கைகளைத்தான் பார்த்திருக்கிறார். "மூஞ்சி நடிக்கும்டி. கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது."

போன வருடம் ஒருவர், மனைவியைக் காணோம் என்று கல்யாண போட்டோவோடு வந்தார். நல்ல சட்டை, கலங்கிய கண். மூன்றே வாரத்தில் அந்தப் பெண்ணை அத்தை ஒரு சலவைக்கடையில் கண்டுபிடித்தார். விலாசத்தோடு அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒரு பிழைகூட இல்லை என்று பெருமையாக நீட்டினேன்.

அத்தை இரண்டு போட்டோக்களை என் முன்னால் வைத்தார். கல்யாண போட்டோவில் அந்தப் பெண்ணின் மடிமேல் இருந்த விரல்கள் நேராக இருந்தன. சலவைக்கடையில் அத்தை எடுத்ததில், அதே கையில் இரண்டு விரல்கள் எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தன.

"கதவிடுக்குல மாட்டியிருக்கும், அத்தை."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். புருஷன் பேரைச் சொன்னேன். மடிச்சுக்கிட்டிருந்த சட்டைக்குள்ள கையை ஒளிச்சுக்கிட்டா."

விலாசம் இருந்த தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். குப்பைத்தொட்டியை அவர் நம்ப மாட்டார்; அதைக் கிளறித்தானே பாதி வேலையை முடிக்கிறார்! அந்தப் போட்டோக்கள் தட்டச்சு செய்யும்போது என் பக்கத்தில்தான் இருந்தன. அத்தனை வருடம் நான் எதைத்தான் படித்தேன்?

முன்பணத்தை அத்தை அன்றே திருப்பி நீட்டினார். அந்தப் பெண்ணின் கணவர் வாங்கவில்லை. மாதாமாதம் வந்து நிற்கிறார்.

"கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

"கண்டுபிடிச்சாச்சு. நல்லா இருக்காங்க."

"எங்கே?"

"சொல்ல மாட்டேன்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். ரிப்போர்ட் எனக்கு வந்து சேரணும். உங்க லைசென்ஸைப் பிடுங்க வைக்கிறேன்."

"பிடுங்கச் சொல்லுங்க. ரிப்போர்ட் உங்களுக்குத் தர வேண்டியதுதான், நான் இல்லேங்கலை. அந்தக் கடன் அப்படியே இருக்கட்டும்."

நேற்றும் வந்தார். லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதிய புகாரின் நகலை மேசைமேல் போட்டார். ரிப்போர்ட் இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியில் அழுந்தி உட்கார்ந்தார். அத்தை அந்தத் தாளைத் தொடவில்லை. வாசலில் போன டீக்காரரைக் கூப்பிட்டு, உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு டீ வைக்கச் சொன்னார். அவர் கிளாஸைத் தொடும் முன்பே காசைக் கொடுத்தார். பிறகு போய்க் கதவை அகலத் திறந்து, அதைப் பிடித்தபடி நின்றார்.