தங்கராஜுவுக்கு எடுத்த வசனம்

கெலுகோரில் பள்ளி வேன் ஓட்டும் எமிலியைத் தெரியாத பெற்றோர் குறைவு. ஐந்து நிமிடம் பிந்தும் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவாள். அப்புறம் மனசு கேட்காமல் திரும்பி வந்து ஏற்றிக்கொள்வாள். பொய் சொல்லும் பிள்ளைகளை மட்டும் அவளுக்கு அறவே ஆகாது. அப்படிப்பட்டவள்தான் இந்தப் புத்தாண்டன்று சர்ச்சுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கள்ளத்தனம் செய்தாள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். ஜனவரி முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டை நீட்டுவார். வேத வசனம் எழுதிய சிறு அட்டைகள் அதில் மடித்துக் கிடக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வந்ததுதான் அந்த ஆண்டு முழுக்க உங்களுக்கான வாக்குத்தத்தம். மாற்றித் தரச் சொல்லக் கூடாது. வர முடியாத நோயாளிக்காக வீட்டார் எடுக்கலாம். அட்டைகளை எழுதி மடித்துக் கொடுக்கும் வேலை பதினெட்டு வருஷமாக எமிலியுடையது.

அவள் கணவர் தங்கராஜுவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தம் கழுவப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் கட்டில்தான். அதனால் எமிலி, நோய் தீரும் என்ற வசனம் உள்ள அட்டையின் மூலையை நகத்தால் லேசாக முறுக்கி வைத்தாள். தட்டு வந்ததும் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தேடி அதையே எடுத்தாள்.

தங்கராஜு அதைச் சுவரில் ஒட்டச் சொன்னார். நோன்புக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ருக்கையாவிடம்கூட, "பாருங்கக்கா, எனக்கே எனக்குன்னு வந்திருக்கு" என்று காட்டினார். அடுப்படியில் நின்ற எமிலி, காதில் விழாதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஆகஸ்டில், இனி இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கராஜுவின் கண் பார்வையும் மங்கிவிட்டது. அப்போதும் அவர்தான் இவளைத் தேற்றினார். "ஏன் அழுவுற? வாக்குக் கொடுத்துட்டாருலா. செய்வாரு."

கடவுள் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே இந்த மனுஷன் கண்ணை மூடினால்? அந்தப் பழியை யார் சுமப்பது? அவர் இறப்பதைவிட அது எமிலிக்குப் பெரிய பயமாக இருந்தது. ஞாயிறு மதியம் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சுவரில் ஒட்டியிருந்த அட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அப்போ எனக்கு வந்திருக்க வேண்டியது எது?" என்றார்.

"தெரியலங்க."

"மிச்ச அட்டை வீட்டுல இருக்கா?"

அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கிக் கொடுத்தாள். உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்து, வாசிக்கச் சொல்லி நீட்டினார். எமிலி பிரித்துப் பார்த்தாள். களஞ்சியங்கள் தானியத்தால் நிரம்பும் என்று இருந்தது. சாகக் கிடப்பவருக்கு இதையா வாசிப்பது? வேறொன்றைச் சொன்னால் அவருக்குத் தெரியவா போகிறது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இருந்ததை இருந்தபடியே வாசித்தாள்.

தங்கராஜு இருமல் வரும்வரை சிரித்தார். "மூணாவது மாடி ஃப்ளாட்டுல களஞ்சியத்த எங்கலா கட்டுறது?"

அவளும் சிரித்து, அப்படியே அழுதுவிட்டாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். "அட்டைய பாத்துட்டா எமிலி நான் நம்புனேன்? அதுக்கு எவ்வளவோ முந்தியே நம்பிட்டேன். சரி, ஜெபம் பண்ணு."

எட்டு மாதமாக அவள் ஜெபமெல்லாம் கெஞ்சலும் பேரமுமாகவே இருந்தது. அன்று கண்ணை மூடியபோது கேட்க ஒன்றும் தோன்றவில்லை. முப்பத்தொரு வருஷம் இவரைத் தந்ததற்கு நன்றி என்றாள். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார்.

"நான் போனப்புறம் இவ கைய விட்டுடாதேயும், ஆண்டவரே."

எமிலி வெகுநேரம் கழித்துத்தான் ஆமென் சொன்னாள்.