மனோன்மணி சிஸ்டரும் தூங்கிப்போன சுரப்பியும்

மனோன்மணி சிஸ்டர் காலமான செய்தி வந்தபோது நான் கிள்ளானில் ஒரு திருமண மண்டபத்து மேடையில் ஒலிவாங்கியோடு நின்றிருந்தேன். அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். காலையில் தேநீர் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அடுத்து மணமகனின் தாய்மாமனை நான் மேடைக்கு அழைக்க வேண்டும். அழைத்தேன்; மணமகளின் தாய்மாமன் பெயரைச் சொல்லி. முப்பது வருட அறிவிப்பாளர் தொழிலில் அப்படி நேர்ந்தது அன்றுதான். மண்டபம் சிரித்தது. சிஸ்டர் அங்கிருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாக அவர்தான் சிரித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் நாங்கள் நான்காவது மாடி, அவர் ஐந்தாவது. அரசாங்க மருத்துவமனை ஒன்றின் ஹார்மோன் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது வேலைக்கு மட்டும்தான், கண்ணுக்கு இல்லை. யாரைப் பார்த்தாலும் தைராய்டு வீங்கியிருக்கிறதா என்று முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் கழுத்தை அவர் உற்றுப் பார்க்க, நகைக்குக் கண் வைக்கிறார் என்று பெண்ணின் தாயார் கொதித்துப் போனார். சிஸ்டர் நேராகப் போய்க் காரணத்தைச் சொன்னார். பிறகு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஒரு டின் முறுக்கோடு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். "தடிச்ச கழுத்து, அவ்வளவுதான் லா," என்று என்னிடம் ஒப்புக்கொண்டார்.

எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஹார்மோன்கள் பற்றிப் பேசினார். அறிமுகம் என் பொறுப்பு. எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரியைச் சுரப்பிகளின் மன்னன் என்று முழங்கினேன். சிஸ்டர் ஒலிவாங்கியை வாங்கியதும் முதல் வேலையாக மன்னனைக் கீழே இறக்கினார்.

"மன்னன்லாம் இல்ல. ஏர்கோன் மாதிரி. ரூம் சூடானா ஓடும், குளிர்ந்தா நிக்கும். ரத்தத்துல ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பாத்துப் பாத்துதான் அது மத்த சுரப்பிக்கு ஆர்டர் போடும்."

அன்று எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். புரிந்தது என் உடம்பு விழுந்த பிறகுதான்.

மணிக்கணக்கில் மேடையில் நிற்கும் எனக்கு மூட்டுவலி. சுங்கை வேயில் ஒரு கடையில் மூலிகை மாத்திரை என்று விற்றதை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. சில மாதங்களில் முகம் உருண்டது, தொப்பை விழுந்தது, எந்நேரமும் பசித்தது. கல்யாண வீடுகளில் எல்லாரும் என் செழிப்பைப் பாராட்டினார்கள். சிஸ்டர் மட்டும் மாடிப்படியில் என்னை நிறுத்தி, கையில் கன்றியிருந்த இடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். பாராட்டு கேட்டுப் பழகிய எனக்குச் சுருக்கென்றது. அவர் மேற்கொண்டு சொன்னது எதையும் காதில் வாங்காமல் வீட்டுக்கு வந்து, மாத்திரையைப் புட்டியோடு குப்பையில் போட்டேன். என்னவோ வீரச்செயல் செய்துவிட்ட நினைப்பு.

மூன்றாம் நாள் காலை, செமினியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பொத்தான் போட விரலில் வலுவில்லை. வாந்தி வந்தது. தரை மேலே வருவது போலிருந்தது. என் மனைவி விமலா ஓடிப்போய் ஐந்தாவது மாடிக் கதவைத் தட்டினார். சிஸ்டர் வந்து என் நாடியைப் பிடித்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "அந்த மாத்திரைய நிறுத்திட்டாரா?"

குப்பை லோரி மூன்று நாளாக வராதது என் அதிர்ஷ்டம். விமலா ஆம்புலன்ஸை அழைக்க, சிஸ்டர் கீழே போய்க் குப்பைக் கொட்டகையில் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புட்டியைத் தேடி எடுத்தார். மீன் செதில் ஒட்டிய கையோடு அவசரப் பிரிவில் டாக்டரிடம் அதை நீட்டி நடந்ததைச் சொன்னார். ஊசியும் உப்புநீரும் உடனே ஏறின. மாலைக்குள் நான் நாசி லெமாக் சோறு கேட்டேன்.

மறுநாள் வந்து விளக்கினார். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. ஆபத்தில் உடம்பைத் தாங்கும் ஹார்மோன் அதிலிருந்துதான் வர வேண்டும். இத்தனை மாதம் அந்தச் சரக்கு மாத்திரையின் ஸ்டீராய்டாக வெளியிலிருந்தே வந்ததால் பிட்யூட்டரி ஆர்டரை நிறுத்திவிட்டது, சுரப்பி தூங்கிவிட்டது. நான் மாத்திரையைத் தூக்கி எறிந்த அன்று என்னிடம் வெளிச்சரக்கும் இல்லை, உள்சரக்கும் இல்லை. "திட்டி எழுப்ப முடியாது மிஸ்டர் குணா. மெதுவாத்தான் எழுப்பணும்," என்றார். டாக்டர் தந்த மாத்திரையை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து என்னை இறக்கினார்கள்.

நடக்கத் தெம்பு வந்ததும் சிஸ்டர் என்னை அந்தச் சுங்கை வே கடைக்கு அழைத்துப் போனார். விற்றவரை ஒரு கை பார்ப்பது என்று கிளம்பிய அவர், காரில் வழிநெடுகப் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கடையில் இருந்தது பாக்கியம் அக்கா. எழுபதைத் தொடும் வயது, நிலா மாதிரி உருண்ட முகம். சிஸ்டரின் ஒத்திகை அங்கேயே நின்றுபோனது.

"நீங்களும் இதத்தான் சாப்பிடுறீங்களா அக்கா?"

"ரெண்டு வருசமா. நல்ல மருந்துமா. கெட்டதுன்னா நான் சாப்பிடுவேனா?"

சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிடுறத இன்னைக்கு நிறுத்திடாதீங்க. விக்கிறத மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க. நாளைக்குக் காலையில நான் வந்து உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடி போனார். ஒரு வருடத்துக்கு மேல் அந்த அம்மாவை மாதந்தோறும் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வந்தார். பாக்கியம் அக்கா இப்போது அதே இடத்தில் ஆப்பம் சுடுகிறார். சிஸ்டரின் இறுதிச் சடங்கில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர், கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் ஆரம்பித்தார். கிளினிக் வரிசையில் காத்திருந்தபோது சிஸ்டர் தன் சர்க்கரை வியாதியை மறந்து, அக்கா கொண்டுபோன இனிப்பு ஆப்பத்தைத் திருடித் தின்ற கதையைச் சொன்னார். கண்டுபிடித்துக் கேட்டால், "என் கணையத்துக்கும் எனக்கும் உள்ள சண்டை, நீங்க தலையிடாதீங்க," என்பாராம்.

என்னிடம் அவருடையது என்று இருப்பது ஒரு சிறிய அட்டை. சிகிச்சைக் காலத்தில் நான் எங்காவது மயங்கி விழுந்தால் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அவரே எழுதித் தந்தது. ஸ்டீராய்டு சிகிச்சையில் இருப்பவர், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார். என் சுரப்பி முழுதாக விழித்துவிட்டது, இனி அட்டை தேவையில்லை என்று டாக்டர் சொல்லி வெகுநாளாகிறது. இன்னும் பணப்பையில்தான் வைத்திருக்கிறேன். அட்டையின் அடியில், தமிழில் மட்டும், அவர் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "மயக்கம் தெளிந்ததும் நிறையப் பேசுவார். பேச விடுங்கள்."